இஞ்சிக்குப் பயந்த பிரேசில்காரர் எட்சன்

எட்சன் போய்விட்டார்… வியாழக்கிழமை காலை, வேலைக்கு வெளிக்கிடும்போது ஹார்ட் அட்டாக். நேற்று அடக்கம்.

பிரேசில்காரர். எங்கள் முதலாளி செல்வன் அண்ணையின் வீடு திருத்தும் ரினோவேஷன் வேலையில் என்னோடு தரைக்கு ரைல்ஸ் பதித்தவர். எங்களுக்குள் தமிழ் தெரியாத ஒரே ஆள். ஆனால் நிறத்தையும் மீசையையும் பார்த்துவிட்டு, தமிழ் வீட்டுக்காரர் எல்லோரும் அவரிடம்தான் தமிழில் பேசுவார்கள். எல்லாவற்றுக்கும் "ஓம்" என்பார்.

"பச்சை ரைல்ஸ் வேண்டாம், விளங்குதோ?" என்று ஓர் அன்ரி கேட்டார். "ஓம்." பச்சையே பதித்தார். முழுக்கக் கழற்றினோம்…

மல்வேர்ன் தமிழ்க் கடையில் மரவள்ளிக்கிழங்கைக் கண்ட நாள் மறக்காது. அவருடைய ஊரிலும் அதுதான் சாப்பாடாம். கூடை நிறைய அள்ளினார். தேத்தண்ணிக்கு ஒரு துண்டு இஞ்சியும்.

கவுண்டரில் நின்ற அன்ரி இஞ்சியை எடுத்துத் தன் பின்னால் வைத்துவிட்டார்.

"ரெண்டையும் ஒண்டாத் தரமாட்டன். மரவள்ளியோட இஞ்சி சேர்ந்தால் நஞ்சு. உந்த மனிசனுக்கு ஏதும் நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

மொழிபெயர்த்தேன். அதைக் கனடாச் சட்டம் என்று எடுத்துக்கொண்டார் போல. அடுத்த ஞாயிறு சர்ச்சில், இரண்டையும் சேர்த்து வாங்கினால் பொலிஸ் பிடிக்கும் என்று பிரேசில்காரர் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறார். விசா முடிந்த பொடியள் நடுங்கிப்போனார்களாம்.

உலகக் கோப்பை வந்தபோது மஞ்சள் ஜேர்சியோடு அவருடைய பேஸ்மென்றில் போய் இறங்கினோம். அசல் பிரேசில்காரரோடு மட்ச் பார்க்கிற ஆசை… அவருக்கோ ஃபுட்போல் என்றாலே கொட்டாவி. குசினியில் பீன்ஸ் கிண்டிக்கொண்டிருந்தார்.

பிரேசில் தோற்றது. செல்வன் அண்ணை அழுதேவிட்டார். எட்சன் கரண்டியோடு வந்து முதுகைத் தடவினார். "ஓகே அண்ணை… ஒன்லி ஃபுட்போல்."

அண்ணை அந்தக் கிழமை முழுக்க அவரோடு கதைக்கவில்லை.

மனைவி லூசியாவை இங்கே கூப்பிட அவருக்குப் பல வருடம் எடுத்தது. போன வசந்தத்தில்தான் வந்து சேர்ந்தார். எயார்போர்ட்டுக்கு என் வான் வண்டியில்தான் போனோம். வழியெல்லாம் எட்சன் கண்ணாடியைப் பார்த்துச் சீப்பால் தலை இழுத்துக்கொண்டே வந்தார்…

நேற்று லூசியா என் கையைப் பிடித்து, நீயும் ஏதாவது சொல் என்று சைகை காட்டினார். பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். இங்கிலிஷ் ஒரு சொல்லும் வரவில்லை.

"உம்மோட வேலை செய்தது நல்ல சந்தோஷம், எட்சன். லூசியாவை நாங்கள் பார்த்துக்கொள்ளுவம்."

அங்கே நின்ற பிரேசில்காரர் ஒருவருக்கும் விளங்கவில்லை. ஆனாலும் எல்லோரும் ஒன்றாக "ஆமென்" என்றார்கள்.

லூசியா என்னைக் கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் தந்தார். என் மனைவி பார்த்துக்கொண்டு நின்றார்.

போய் வாரும், எட்சன்…