கோபமில்லை என்ற சொல்

கல்யாண வீட்டு வெடிப்புகை மூக்கில் ஏறினால் இன்றும் நாரணாபுரத்து விடிகாலை வந்துவிடுகிறது. பொழுது சாயுமுன் கோபம் ஆற வேண்டும் என்கிறது வேதாகமம். அம்மா அதை விடியலுக்கே மாற்றியிருந்தாள், கோபத்தோடு போய்க் கை பதறினால் அக்கா வேலைபார்க்கும் பட்டாசுக் கம்பெனியின் வெடிமருந்தறையில் தீப்பிடிக்கும் என்று. ஜெபம் முடிந்து வேலைக்குக் கிளம்பும் அக்கா, கந்தக மஞ்சள் போகாத விரல்களால் அம்மாவின் கையைப் பிடித்து, "கோவமில்லயேம்மா?" என்பாள். "இல்லத்தா, போயிட்டு வா" என்ற பிறகே படியிறங்குவாள். பூச்சூடக் கூடாதென்ற எங்கள் சபைக்கு ஆகாத பிச்சிப்பூவை அக்கா தலையில் வைத்ததற்காக அம்மா முகம் திருப்பிக்கொண்ட ஒரு காலை, அவள் தெருமுனைவரை போய்த் திரும்பிவந்து கேட்டாள்; அம்மா அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். மதியம் கம்பெனி எரிந்தது, அக்கா வரவில்லை. அந்த வீட்டை இடித்து, நாங்கள் வேறு ஊர் போன பிறகும், சாகும்வரை அம்மா ஜெபம் முடிந்ததும் வாசலுக்கு வந்து வெறுந்தெருவிடம் சொல்வாள்: "கோவமில்லத்தா, போயிட்டு வா."