தார் பூசிய பரிசல்

ஓசூரில் எங்கள் கம்பெனி வாசலில் ரோட்டுக்குத் தார் காய்ச்சும்போது, ஷிப்டுக்கு வருகிற பெண்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். எனக்குப் பரிசல் ஞாபகம் வந்துவிடுகிறது. கிருஷ்ணகிரிப் பக்கம், தென்பெண்ணைக்கு நடுவில் இருந்த எங்கள் திட்டில் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆறாவதிலிருந்து தினமும், அடியிலும் விளிம்பிலும் தார் பூசிய பரிசலில் குந்திக்கொண்டு அக்கரைக்குப் போவோம். வெயிலில் இளகிய தார் பாவாடையில் ஒட்டிக்கொள்ளும், எத்தனை துவைத்தாலும் போகாது, அந்தக் கறையைப் பார்த்தே வகுப்பில் எங்களைக் கடைசி பெஞ்சுக்கு அனுப்புவார்கள்.

அந்தக் கடைசி பெஞ்சிலிருந்துதான் பன்னிரண்டாவதில் பள்ளிக்கே முதலாவதாக வந்தேன். நர்சிங் கலந்தாய்வுக்குப் புறப்பட்ட அன்று ஆற்றில் வெள்ளம். மார்க் ஷீட்டைப் பாலித்தீன் கவரில் சுற்றி, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கரையில் நின்றேன்.

"தண்ணி எறங்கட்டும் கண்ணு, காலேஜு எங்கியும் ஓடிப் போவாது" என்றார் பரிசல்கார மாமா.

தண்ணீர் இறங்க மூன்று நாளானது. அதற்குள் சீட் போய்விட்டது.

பிள்ளைகளின் படிப்புக்காகவே ஒவ்வொரு வீடாகக் காலி செய்து, இன்று திட்டில் ஒருவரும் இல்லை. எல்லோரும் போன பிறகு பாலம் கட்டியிருக்கிறார்கள். திட்டிலிருந்து வெட்டியெடுக்கும் கிரானைட் கற்கள், ஒரு சொட்டு ஈரம் படாமல், லாரியில் அக்கரைக்குப் போகின்றன.