செல்வராசா அண்ணையும் மாட்டுத் திசு வால்வும்

செல்வராசா அண்ணை போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது, கோயில் பண்ணிசைக்குப் புறப்படுவதற்காக மிருதங்கத்தில் ரவை பூசிக்கொண்டிருந்தேன். அப்படியே போட்டுவிட்டு அன்புவழிபுரத்திலுள்ள அவர் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய மனைவி கோமதியக்கா அழுகைக்கு நடுவிலும் முதலில் சொன்னது இதுதான்: “ஈரல்தான் தம்பி கெடுத்தது. வால்வில ஒருத்தரும் பிழை சொல்லக்கூடாதெண்டு சொல்லிப்போட்டுத்தான் போனவர்.”

அவரைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமாக இராது. திருகோணமலைத் துறைமுகப் பட்டறையில் கப்பல் பம்புகளைத் திருத்தியவர் அவர். நான் அங்கே களஞ்சியத்தில் எழுதுவினைஞன். பதினாறு வருடங்களுக்கு முன் அவருடைய இதயத்துக்குச் செயற்கை வால்வு பூட்டவேண்டி வந்தது. மாதிரியைக் கையில் தராமல் கையெழுத்து வைக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் சம்மணம் கட்டி இருந்துவிட்டார். “எந்தப் பக்கம் திறக்குதெண்டு பாராமல் நான் பம்புக்கே வால்வு பூட்டினதில்லை, டொக்டர்.” டொக்டர் சிரித்தபடி கொண்டுவந்து கொடுத்தாராம். உலோக வளையம், கடும் சூட்டில் இறுக்கிய கரியாலான இரண்டு சின்ன இதழ்கள், இதயத்தோடு தைப்பதற்குத் துணி விளிம்பு. நகத்தால் திறந்து மூடிப் பார்த்த பிறகுதான் ஒப்பம் வைத்தார். அதன்பின் அவர் அடித்த பெருமைப் புளுகு கொஞ்சமல்ல. பட்டறை ஓய்ந்தால் அவர் நெஞ்சுக்குள் ‘டிக் டிக்’ கேட்கும். “கேளுங்கோ, தேயாத சாமான்!” என்பார்.

பிறகு என் மகளுக்கும் அதே சத்திரசிகிச்சை வந்தது. சிறுவயதில் வந்த வாதக்காய்ச்சல் வால்வைக் கெடுத்திருந்தது. அவளுக்குக் கலியாணமாகி ஒரு வருடம், பிள்ளைக்கு ஆசை. டொக்டர்கள் மாட்டின் இதய உறையில் செய்த திசு வால்வைச் சொன்னார்கள். சைவக் குடும்பத்தில் மாடா என்று நான் துள்ளினேன். அண்ணை என் பக்கம் நிற்பார் என்று நம்பி மகளையும் கூட்டிக்கொண்டு போனேன்.

“நீர் சுவாமிக்கு முன்னால தட்டுற மிருதங்கம் என்ன தோல் காணும்?” என்று கேட்டார்.

பிறகு மகளிடம் திரும்பினார். “பிள்ளை, என்ர வால்வில ரத்தம் உறையாமல் இருக்க ஒவ்வொரு நாளும் குளிசை போடவேணும். அது வயித்தில வாற பிள்ளைக்குக் கூடாது. மாட்டு வால்வுக்கு அந்தக் கரைச்சல் குறைவு. ஆனா பத்துப் பதினைஞ்சு வருசத்தில தேயும், திரும்ப வெட்டவேணும். ரெண்டையும் யோசிச்சு நீங்களே சொல்லுங்கோ.”

“எனக்குப் பிள்ளை வேணும், மாமா. தேயிற நேரம் பாப்பம்,” என்றாள் மகள். மாட்டு வால்வையே பூட்டினார்கள்.

ஊரெல்லாம் தன் வால்வைப் புளுகிய மனிதர், அன்று அதை உயர்த்தி ஒரு சொல் சொல்லவில்லை. அப்படிப்பட்டவரோடு வேலை செய்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமைதான்.

அவருக்குப் பிள்ளைகள் இல்லை. செத்தவீட்டில் வழக்கப்படி நெய்ப்பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்; வர ஒருத்தரும் இல்லை. கோமதியக்கா எழுந்து வந்து, என் மகளின் இடுப்பிலிருந்த என் மூன்று வயதுப் பேத்தியை வாங்கி, அவள் கையில் பந்தத்தைக் கொடுத்தார். அண்ணை எனக்கு விட்டுப்போனது அவளைத்தான்.