பதினோரு வருட அனுபவமுள்ள ஃப்ரெஷர்

இன்று ஆம்பூரில் வேலைவாய்ப்பு முகாம். ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்காக நானும் போயிருந்தேன்.

வழிகாட்டி மேசையில் இருந்த இளைஞர் என் விவரங்களைக் கேட்டு எழுதினார்.

"எந்த கம்பெனில வேலை செஞ்சீங்க மேடம்?"

"பதினோரு வருஷமா வீட்லயே ஷூ மேல்பாகம் தைக்கிறேன் சார். ஏஜென்ட் வெட்டின தோல கொண்டாந்து போடுவாரு."

"சர்டிபிகேட்?"

"வீட்ல தைக்கிறவளுக்கு யாரு சார் சர்டிபிகேட் குடுப்பாங்க?"

"அப்போ ஃப்ரெஷர்னுதான் போட முடியும்."

போட்டும்விட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. குனிந்து அவர் காலைப் பார்த்தேன்.

"உங்க ரெண்டு ஷூவையும் சேத்து வச்சுப் பாருங்க சார். வலதுல நல்ல முதுகுத் தோல். இடதுல வயித்துத் தோலப் போட்டு ஒப்பேத்திட்டாங்க. அதான் முன்னாடி இவ்ளோ சுருக்கம். நானா இருந்தா இத பாஸ் பண்ணியிருக்க மாட்டேன்."

பார்த்தார். வரிசையில் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

"இப்ப எழுதுங்க, பதினோரு வருஷம்னு. எழுதாம நான் எழுந்திரிக்க மாட்டேன்."

'ஃப்ரெஷர்' என்பதை அடித்துவிட்டு எழுதினார்.

வேலை கிடைக்குமா, தெரியாது. முகாம் நாளையும் உண்டு. வீட்டிலிருந்து தைக்கிறவர்கள் யார் யார் வருகிறீர்கள்?

அந்த இளைஞர் நாளைக்குச் செருப்போடுதான் வருவார் என்று நினைக்கிறேன். பரவாயில்லை, அதையும் பார்ப்போம்.