ஸ்பீக்கரில் கோளாறு இல்லை

என் அப்பா ஸ்பீக்கர் ரிப்பேர் செய்பவர். ஒரு ராக் பாடகர் மேல் அவருக்குப் பைத்தியம். அதற்கு மட்டும் மருந்தே இல்லை. கல்யாணமான நாள் முதலாய் அம்மா சமையலறையிலிருந்து கத்துவாள்: "அந்த ஆளை வாயை மூடச் சொல்லுங்க, காது கிழியுது!"

பாடகர் கிழவராகிப் புது ஆல்பம் ஒன்று வெளியிட்டார். முதல் பாட்டிலேயே குரல் கரகரத்தது. அப்பா ஸ்பீக்கரைத் திட்டிக்கொண்டே கழற்றினார், தூசி தட்டினார், ஒயரை மாற்றிப் பற்றவைத்தார். மறுபடியும் அதே கரகரப்பு.

"ஸ்பீக்கர் நல்லாத்தாங்க இருக்கு," என்றாள் அம்மா. "அவருக்கு வயசாயிடுச்சு."

அப்பாவின் முகம் தொங்கிப்போயிற்று. ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கொஞ்சம் சத்தமா வைங்க."