ஆதாரம் கேட்டவள்

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் நாலு பேருக்கும் ஒரே பைத்தியம்: மதராசிலிருந்து எழுதிக்கொண்டிருந்த ஒரு நாவலாசிரியர். அவர் கதைகளில் வரும் ஆள், ஊர், தெரு ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி, செருப்புக் கடையில் வாங்கிய சப்பாத்துப் பெட்டிகளில் அகரவரிசையில் அடுக்கினோம். ஞாயிறு பூசை முடிந்ததும் சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் ஒரு சாப்பாட்டுக் கடை மாடியில் கூடுவோம். அட்டையை யாரும் எழுதலாம். பெட்டிக்குள் போக என் கையெழுத்து வேண்டும். புத்தகப் பக்க எண் இல்லாவிட்டால் சிவப்புப் பேனாவால் அடித்துவிடுவேன். அதில் எனக்குத் திமிர்தான், ஒத்துக்கொள்கிறேன்.

நால்வரில் ஒருவர் யாழ்ப்பாணத்து அக்கா. அரசாங்க அலுவலகத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா. என் அப்பா இறந்தபோது மூன்று நாள் லீவு போட்டு என் பக்கத்திலேயே இருந்தவர். ஒரு ஞாயிறு அவர் எழுதிய அட்டையில், ஒரு நாவலில் ஓடிப்போன மகன் கடைசியில் தகப்பனுக்குக் கடிதம் போட்டான் என்றிருந்தது. புத்தகத்தில் அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. அடித்தேன்.

"புத்தகத்தில வெட்டிப்போட்டினம், பிள்ளை. வாரப் பத்திரிகையில தொடராய் வரேக்க என்ர கண்ணால வாசிச்சனான்."

"அப்ப அந்தப் பத்திரிகையக் கொண்டு வாங்க லா. கண்ட கனவையெல்லாம் அட்டையில ஏத்த முடியாது."

மற்ற இருவரும் சிரித்தார்கள். அக்கா பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். அடுத்த ஞாயிறும் வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை.

எனக்கு இருப்பே கொள்ளவில்லை. டெலிபோனை எடுப்பேன், வைப்பேன். பழைய பத்திரிகைக் கடையெல்லாம் ஏறி இறங்கினேன். அவர் சொன்னது தப்பென்று காட்டத் தேடுகிறேனா, சரியென்று காட்டவா என்று எனக்கே விளங்கவில்லை.

ஒரு சாயங்காலம் நண்டுக் குழம்பு வைக்கலாமென்று என் சமையல் குறிப்பு நோட்டைத் திறந்தேன். பத்திரிகையிலிருந்து வெட்டி ஒட்டியிருந்த துண்டு பாதி பிய்ந்து தொங்கியது. அதன் பின்பக்கத்தில் அந்தத் தொடரின் வரிகள்: ஓடிப்போன மகன் தகப்பனுக்கு எழுதிய கடிதம். முன்பக்க ஓரத்தில் என் கையெழுத்து: 'மிளகாய் குறைக்கணும்.' அட பாவி! நானே வெட்டியிருக்கிறேன். குழம்பைப் பார்த்தேனே தவிர, தாளைத் திருப்பிப் பார்க்கவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு பஸ் பிடித்து தோ பாயோவில் அவர் வீட்டுக்கு ஓடினேன். கேட் கம்பி வழியாகத் துண்டை நீட்டினேன்.

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. மன்னிச்சுக்குங்க."

முழுவதும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒன்பது வருசமாய் என்னைத் தெரியும். என்ர சொல்லை நம்பேல்லை. ஒரு குழம்புத் தாளை நம்பி ஓடி வந்திருக்கிறீர், பிள்ளை."

சாவி அவர் கையில்தான் இருந்தது. கேட்டைத் திறக்கவில்லை.