காளான்தான்

விவசாயத் தொழிலாளர் குடியிருக்கும் மனை அவர்களுக்கே சொந்தம் என்று அரசு சட்டம் செய்த காலம் அது. சட்டம் குறித்த நாளுக்கு முன்பிருந்தே குடியிருந்ததை மெய்ப்பிக்க வேண்டும். அந்த நாள் கழிந்து இரண்டு மழைக்காலங்கள் ஆகியிருந்தன.

எங்கள் வாய்க்கால் கரையில் குடிசை போட்டிருந்த நடவு வேலை செய்யும் ஒருத்தி, கணவனை இழந்தவள், மனு கொடுத்தாள். குடிசை அந்த நாளுக்குப் பிறகே எழுந்தது என்று நிலத்துக்காரரான என் தகப்பனார் எழுதிக் கொடுத்தார். விசாரணைக்கு வந்த தாசில்தாரிடம் காட்ட அவளிடம் காகிதம் ஏதுமில்லை. தாழ்வாரத்து வேப்பங்காலைக் காட்டினாள். அதில் மாட்டுக் குளம்பு போல ஒன்று ஒட்டியிருந்தது.

"இந்தக் காளானப் பாருங்கய்யா. நான் கால் நட்ட பொறவு வந்தது. நாலு அடைமழை பாத்திருக்கு."

கிராமத்துக் கர்ணம் சிரித்தார். "நேத்து மழைக்கு இன்னிக்கு மொளைக்கிறதுக்குப் பேருதான் காளான். சாட்சிக்கு நல்ல ஆளாப் புடிச்சே போ."

கூடி நின்றவர்களும் சிரித்தார்கள். தாசில்தார் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க தாவரவியல் படிச்சவராச்சே. சொல்லுங்க, இது காளான்தானா?"

குனிந்து பார்த்தேன். நகம் பதியாத கட்டை. மேலே கறுத்த வெடிப்பு, ஓரத்தில் துருநிறம், அடியில் ஊசிமுனைத் துளைகள். பட்ட மரத்தை உள்ளிருந்து தின்னும் பெல்லினஸ் என்ற கட்டைக் காளான். ஆண்டுக்கணக்கில் நிற்பது, மழைக்காலந்தோறும் ஓர் அடுக்கு கூட்டுவது. அடுக்குகள் நான்கு. அதன் துளைகள் எப்போதும் தரையை நோக்கியே அமையும். கிடந்த மரத்தில் தோன்றியிருந்தால், நிமிர்த்தி நட்டபின் முதல் அடுக்கு பக்கவாட்டில் திரும்பியிருக்கும். இங்கே நான்கும் தரைக்கு இணையாக இருந்தன. அவள் சொன்னது முற்றிலும் சரி.

"சின்னய்யாவுக்குத் தெரியும்," என்றாள் அவள். "படிச்சவங்க."

"காளான்தான்," என்றேன்.

மனு தள்ளுபடியாயிற்று. மறுவாரம் எங்கள் ஆட்கள் குடிசையைப் பிரித்தார்கள். கீற்றுக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் என் முன்னே நின்றாள்.

"அதுக்கு வயசு என்னன்னு ஒரு வார்த்த சொல்லலியே, சின்னய்யா."

"வயசை யாரும் கேக்கலியே."

அவள் திரும்பி வாய்க்கால் கரையோடு நடந்தாள். எந்த ஊருக்குப் போனாள் என்று நான் விசாரிக்கவில்லை.

அந்த வேப்பங்காலை மட்டும் ஆட்களிடம் கேட்டு வாங்கி, காளானோடு ஒரு முழம் அறுத்து, நான் படித்த கல்லூரிக்கு அனுப்பினேன். தாவரவியல் துறையின் கண்ணாடி அலமாரியில் அது இன்றும் இருக்கிறது. சீட்டு என் கையெழுத்தில்: பெல்லினஸ்; வேம்பு, நட்ட கால்; காளானின் வயது நான்கு ஆண்டு. அதில் ஒரு பிழை இருப்பதாக இதுநாள்வரை எவரும் சொன்னதில்லை.